டைமருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே உருவானது தெரியுமா? கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டில். அதைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே. இன்றும் இவ்வட்டாரச் சாலைகளில் பழக்குலை ஏற்றிய லாரிகளைப் பார்க்கிறோம். அக்குலைகள் ஆலைக்குச் சென்றதும் முதலில் நீராவியில் அவிக்கப்படுகின்றன. இங்கே நேரக் கணக்கு தவறினால் எண்ணெய் கெடும். உயிருக்கும் ஆபத்து வரலாம்.

ஏன் அவிக்கிறார்கள்?

அடிபட்ட பழத்தில் லிபேஸ் என்ற நொதி, எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்குகிறது. வெப்பம் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. பழங்கள் குலையிலிருந்து எளிதில் உதிரவும் உதவுகிறது. பல ஆலைகளில் இவ்வேலை ஸ்டெரிலைசர் எனும் நீண்ட உருளைக் கலனில் மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் இரண்டு கட்டங்களில் நீராவியைச் செலுத்தி வெளியேற்றுவது, உள்ளிருக்கும் காற்றை விரட்டத்தான். காற்று கலந்திருந்தால், அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் வெப்பநிலை குறைவாகவே இருக்கும். மூன்றாம் கட்டத்தில் சுமார் 3 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில், 45 நிமிடம்போல் வைத்திருப்பார்கள்.

முன்பு பணியாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வால்வுகளைக் கையால் திறந்து மூடினார். இப்போது பல ஆலைகளில் அதைச் செய்வது பி.எல்.சி. எனும் தொழிற்சாலைக் கணினி.

டைமர் எப்படி எண்ணுகிறது?

பி.எல்.சி. நிரலில் ஒவ்வொரு டைமருக்கும் நான்கு விவரங்கள் உண்டு: உள்ளீடு, குறித்த நேரம், கடந்த நேரம், வெளியீடு. அடிப்படை வகைகள் மூன்று.

1. தாமதித்து இயக்குவது: உள்ளீடு வந்ததும் எண்ணத் தொடங்கும், குறித்த நேரம் முடிந்தால்தான் வெளியீடு வரும். இடையில் உள்ளீடு போனால் கணக்கு பூஜ்யமாகிவிடும்.

2. தாமதித்து நிறுத்துவது: உள்ளீடு போன பிறகும் வெளியீடு சிறிது நேரம் நீடிக்கும். பழம் கொட்டுவது நின்றபின், மீதி காலியாகும்வரை கன்வேயர் ஓடுவது இப்படித்தான்.

3. துடிப்பு டைமர்: பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் குறித்த நேரத்துக்கு மட்டும் வெளியீடு தரும். 5 விநாடி ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு ஓர் எடுத்துக்காட்டு.

எப்போது எண்ணத் தொடங்க வேண்டும்?

நீராவி வால்வு திறந்த கணத்திலேயே 45 நிமிடத்தை எண்ணத் தொடங்கலாமா? கொதிகலனில் நீராவி குறைவாக இருந்தால் 3 பாரை எட்டவே 15 நிமிடம் ஆகலாம். அப்போது பழம் 30 நிமிடம்தான் சரியாக அவியும். எனவே டைமரின் உள்ளீடாக வால்வை வைக்காமல், ‘அழுத்தம் 3 பாரை எட்டிவிட்டது’ எனச் சொல்லும் உணரியை வைக்க வேண்டும்.

கதவு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். நீராவியை வெளியேற்ற 10 நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்வோம். குழாய் பாதி அடைத்துக்கொண்டால், டைமர் 10 நிமிடத்தை எண்ணி முடித்த பிறகும் உள்ளே 0.1 பார் மிஞ்சியிருக்கலாம். அது சிறிய எண்ணா? கதவின் விட்டம் 2 மீட்டர் எனில் பரப்பளவு 3.14 சதுர மீட்டர். 0.1 பார் என்பது 10,000 பாஸ்கல். விசை = அழுத்தம் × பரப்பளவு = 31,400 நியூட்டன். ஏறத்தாழ மூன்று டன் எடை கதவைத் தள்ளுகிறது!

ஆகவே ‘நேரம் முடிந்தது’, ‘அழுத்தம் பூஜ்யம்’ ஆகிய இரண்டும் உண்மையானால்தான் கதவுப் பூட்டு விடுபடுமாறு நிரல் எழுத வேண்டும். நிரலை மட்டும் நம்பாமல் இயந்திரப் பூட்டும் இருக்க வேண்டும். டைமருக்கு நேரம் மட்டுமே தெரியும்; கலனுக்குள் நடப்பதைச் சொல்ல உணரி வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

45 நிமிட அவிப்பில் 30ஆம் நிமிடத்தில் அழுத்தம் குறைந்து, 2 நிமிடத்தில் சரியானது. முதல் வகை டைமர் இருந்தால் மொத்தம் எவ்வளவு நேரமாகும்? எண்ணிய நேரத்தை மறக்காமல் வைத்திருக்கும் டைமர் இருந்தால்?

விடை: 77 நிமிடம், 47 நிமிடம். அதிகம் அவிந்தால் கழிவுநீரோடு எண்ணெயும் வீணாகும். இங்கே எந்த டைமரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணத்தோடு உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.