அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டில், பிள்ளைகளுக்காக...

1. போதையில் இருப்பவரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். காலையில் தெளிந்தபின் பேசுங்கள். ராத்திரி நடந்தது அவருக்கு மறந்துவிடும், பிள்ளைக்கு மறக்காது.

2. "நீ ஒழுங்கா படிச்சா அவர் ஏன் குடிக்கப் போறார்?" என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும். "இது உன்னால இல்ல, நிறுத்தறதும் உன் வேலை இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

3. சோடா, மிக்சர் வாங்கவோ, கடன்காரரிடம் "அப்பா ஊர்ல இல்ல" என்று சொல்லவோ பிள்ளையை அனுப்பாதீர்கள். வீட்டுப் பொய்யைச் சுமக்கும் வயதில்லை அது.

4. குடித்தவர் ஓட்டும் பைக்கில் பிள்ளையை ஏற்றாதீர்கள். கல்யாண வீட்டுக்குப் போகும்போதே திரும்பிவர ஆட்டோ காசைத் தனியாக முடிந்துகொள்ளுங்கள்.

5. அடிதடி உண்டென்றால், நம்பகமான பக்கத்து வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு செட் சீருடையும் அங்கே இருக்கட்டும், மறுநாள் பள்ளி தப்பாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைக்கு மனப்பாடமாகட்டும்.

6. குடியை நிறுத்தும் மருந்தை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தால், நீங்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.