தங்கச்சி, கருத்தாளராகப் போகிறாயா?

குறுவள மையப் பயிற்சிக்கு உன்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்களாமே, சந்தோஷம். முதல் காரியமாக அந்த பவர்பாயிண்ட்டை மூடி வை. செயல்வழியில் வரலாறு கற்பிப்பது எப்படி என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டினால், எதிரே இருக்கிற சமூக அறிவியல் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் பார்க்கத்தான் செய்வார்கள். அவர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்து ஒரு பாடம் நடத்திவிடு.

உத்திரமேரூர் குடவோலையை எடுத்துக்கொள். சோழர் கால ஜனநாயகம் என்று ஒரே வரியில் நாம் தாண்டிப் போகிற பாடம் அது. முதல் நாளே முப்பது அட்டை எழுதி வை. ஓர் அட்டைக்கு ஓர் ஆள். வயது 33, அரை வேலி நிலம். வயது 50, வேதம் கற்றவர், போன வருஷம் ஏரி வாரியத்தில் இருந்தவர். வயது 45, கணக்குக் காட்டாத வாரியக்காரரின் அத்தை மகன். வயது 40, நெசவாளி. வயது 38, பெண். இப்படி.

அட்டையைக் கொடுத்து எல்லாரையும் நிற்க வை. பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வாரியத் தேர்வுக்குச் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக வாசி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இல்லையா, உட்காருங்கள். சொந்த மனையில் வீடு இல்லையா, உட்காருங்கள். 35க்குக் கீழா, 70க்கு மேலா, உட்காருங்கள். கடைசியில் நிற்பவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடு. அறை ஒரே அமளியாகிவிடும், ஆகட்டும்.

பாடம் அதற்கப்புறம்தான். யார் யார் முதலிலேயே உட்கார்ந்தீர்கள்? பிரம்மதேய ஊரின் சபை இது. உழவர்கள் கூடிய மற்ற ஊர்களிலும் இதே விதிதான் என்று சொல்லிவிட முடியுமா? 919இல் போட்ட விதியை இரண்டே வருஷத்தில் ஏன் திருத்தினார்கள்? பதிலை நீ சொல்லிவிடாதே. வாயை அடக்குவதுதான் நம் ஆசிரியர்களுக்குக் கஷ்டமான பயிற்சி.

ஒன்று முக்கியம்மா. அட்டை இல்லாமல், “உங்க வீட்ல நிலம் இருக்கா?” என்று பிள்ளைகளிடமே கேட்டு இதை நடத்தக் கூடாது. வாடகை வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். சாதிப் பேச்சும் தானாக உள்ளே வந்துவிடும். இதைப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்.

நாடகம் போடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மீசை ஒட்டிக் கட்டபொம்மன் வசனம் பேசினால் கைதட்டல் கிடைக்கும், வரலாறு கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதையும் பாடமாக்கலாம். அவரைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799இல், அந்த வசனம் பேசிய கட்டபொம்மன் படம் வந்தது 1959இல். அந்த வசனத்தை அவர் பேசினார் என்று நமக்கு யார் சொன்னது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால் மணி அடித்தாலும் விடமாட்டார்கள்.

“போர்ஷன் எப்ப முடிக்கிறது?” என்ற கேள்விக்கு மழுப்பாதே. எல்லாப் பாடத்துக்கும் இது முடியாது, பருவத்துக்கு இரண்டு செய்தால் போதும் என்று சொல்லிவிடு.

மதியம் சாப்பாட்டுக்கு மேல் நீ பேசவே வேண்டாம். நாலு நாலு பேராகப் பிரித்து, அடுத்த மாதம் நடத்தப்போகிற பாடம் ஒன்றுக்கு அவர்களையே அட்டை எழுத வை. எழுதியதை மற்ற குழுவிடம் கொடுத்து அங்கேயே ஆடிப் பார்க்கச் சொல். விதி எங்கே குழம்புகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். திருத்திய அட்டைகளைப் படமெடுத்து அன்று சாயங்காலமே குரூப்பில் போட்டுவிடு.