விடுபட்ட கேள்விகளுக்கு ஒரு நோட்டு

“நாலாயிரம் வருசத்துக்கு முந்தின இரும்பு நம்ம மயிலாடும்பாறையிலயா கிடைச்சது?” தேனி மாவட்டத்து மயிலாடும்பாறையில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், பெருமையாகத் தலையாட்டிவிடாதீர்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்.

பிள்ளை அடுத்துக் கேட்பதுதான் முக்கியம்: “அப்ப நம்ம பக்கம் என்ன இருக்கு?” பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை. பதிலோ நம் ஆண்டிபட்டி வட்டத்திலேயே இருக்கிறது. 2006-இல் வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒரு கல்லில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. பகைவர் மாடுகளைக் கவர்ந்து வரும் பூசல் அது. தொல்காப்பியத்திலும் வரும் சொல்.

இப்படி விடுபட்டுப் போகும் கேள்விகளைக் காப்பாற்ற ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பள்ளியிலோ நூலகத்திலோ எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இடப்பக்கம் கேள்வி, கேட்டவர் பெயர், தேதி. வலப்பக்கம் பதில், அதற்குக் கீழே, யார் சொன்னது, எந்தக் கல்லில், எந்தப் பத்திரத்தில் பார்த்தது என்ற விவரம். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் வெற்றாகவே இருக்கட்டும். அடுத்த வருசம் வேறொருவர் நிரப்புவார். ஊகத்தால் மட்டும் நிரப்பாதீர்கள்.

பழைய ஆவணங்களில் தேனியைத் தேடி அலைய வேண்டாம். நம் மாவட்டம் பிறந்தது 1996-இல்தான். அதற்கு முந்தியதை மதுரை மாவட்டம், பெரியகுளம் வட்டம் என்று தேடுங்கள். 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர் நல்ல தொடக்கம்.

பெரியவர்களிடம் “பழைய கதை சொல்லுங்க” என்றால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். “அப்பத்தா, இந்தக் கிணறு வெட்டுனது வைகை டேம் கட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேளுங்கள். அணை திறந்தது 1959. அப்பத்தா சொல்லும் பதிலுக்கு அப்போதே ஒரு காலம் கிடைத்துவிடும்.

தோட்டத்து வரப்பில் எழுத்துள்ள கல்லைப் பார்த்தால் சுண்ணாம்பு, எண்ணெய், பெயின்ட் எதையும் தடவாதீர்கள். பெயர்த்து எடுக்கவும் வேண்டாம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். நடுப்பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் கீறல்கள் நிழல் கட்டி எழுத்தாக எழும்பி நிற்கும். பக்கத்தில் ஓர் அடிஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நோட்டின் முதல் கேள்வியை நானே தருகிறேன். அந்தப் புலிமான்கோம்பைக் கல்லில் ‘கூடல் ஊர்’ என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. கம்பம் தாண்டி இருக்கும் நம் கூடலூரா அது? பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது என்பதை மயிலாடும்பாறையே நமக்குச் சொல்லிவிட்டது. அதனால் இடப்பக்கத்தில் கேள்வியை எழுதுங்கள். வலப்பக்கத்தை இப்போதைக்கு வெற்றாக விடுங்கள்.