கைத்தொழிலும் கைபேசியும்



திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வரும் ஊர் பத்தமடை. அந்த ஊர்ப் பாயைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. அதை நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள். கோரையை அறுத்துக் கீறி, காயவைத்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்துப் பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்லும் நயமான பாய் துணி மாதிரி மடியும். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்து வரும். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இப்போது அந்தப் பட்டுப்பாயையும் சந்தையில் விற்கும் சாதாரணக் கோரைப் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள். கைபேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்குப் பல நாள் உழைப்பு, இன்னொன்றுக்கு அதில் கொஞ்சம்தான். கடையில் என்றால் கை வைத்துப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வாங்குபவருக்குக் கை கிடையாது. கைவேலையை இணையத்தில் விற்பதில் உள்ள முழுச் சிக்கலும் இதுதான்.

மறைமலைநகரில் இருக்கும் நமக்கு ஒரே சம்பளத்தை நம்பியிருப்பது என்றால் என்னவென்று தெரியும். ஃபோர்டு கார் தொழிற்சாலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே விட்டபோது எத்தனை வீடுகளில் கலக்கம் வந்தது என்று பார்த்தோம். வீட்டிலிருந்தபடி ஆரி வேலை, தொழுகை உடை, மக்கனா, குரோஷா பின்னல், நிக்காஹ் சீர்த்தட்டு அலங்காரம் என்று செய்கிற சகோதரிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கை நன்றாக இருக்கிறது. விற்பதில்தான் தடுமாற்றம்.

பலர் முதலில் செய்கிற தவறு, இணையத்தில் கிடைத்த அழகான படத்தை எடுத்துத் தன் வேலை என்று ஸ்டேட்டஸில் போடுவது. நம் தையல் வகுப்பில் படித்த ஒரு சகோதரியும் அப்படிச் செய்தார். ஒரே வாரத்தில் நாலு ஆர்டர். கொடுத்த துணி படத்தில் இருந்ததுபோல் இல்லை. மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்கள். நாலாமவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுபடி வரவும் இல்லை. திருப்பிக் கொடுத்தவர்களைவிட அந்த நாலாமவர்தான் பெரிய நஷ்டம் என்பேன்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நம் ஸ்டேட்டஸ் அந்தக் குவியலின் மேல்பகுதி. நிறம் லேசாக மாறும், கல் வைத்த இடத்தை அடித்துத் துவைக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு தையல் கோணல் என்றால் அதை நாமே முதலில் எழுதிவிட வேண்டும். ஃபில்டர் போட்டு நிறத்தைக் கூட்டுவதும் ஈரத்தை மறைப்பதுபோலத்தான்.

அப்படியானால் எதைக் காட்டுவது? வேலை நடப்பதைக் காட்டுங்கள். ஆரி ஊசி துணிக்குள் போய்வருவதை இருபது விநாடி எடுத்தால் போதும். பத்து அலங்காரப் படம் சொல்லாததை அது சொல்லிவிடும். முகம் தெரிய வேண்டியதில்லை, கை மட்டும் போதும். வீட்டு ஆண்கள் தயங்குவது பெரும்பாலும் முகம் வருவதை நினைத்துத்தான், அந்தத் தயக்கத்திலும் நியாயம் உண்டு. காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, வெள்ளைத் துப்பட்டியை விரித்து அதன்மேல் பொருளை வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவு டேப்பை வையுங்கள். என்ன துணி, எத்தனை நாள் வேலை, என்ன விலை, இந்த மூன்றையும் படத்தோடேயே எழுதுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

விலையைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தொழுகை உடைக்குத் துணி 480 ரூபாய், நூலும் லேஸும் 70, உறை 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 565. அதை 700-க்கு விற்றால் 135 மிச்சம். வெட்டித் தைக்க நாலு மணி நேரம். படம் எடுத்து, ‘கலர் வேற இருக்கா’ என்பவருக்கெல்லாம் பதில் சொல்லி, தபால் அலுவலகம் போய்வர இன்னும் ஒரு மணி. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 27 ரூபாய். கைபேசியில் போகிற நேரமும் வேலைதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குக் குறைக்க ஆசைப்பட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விலைப்பட்டியல் ஒன்றாகவே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் கேட்டலாக் போட்டு வைக்கலாம். வீட்டு எண் வேண்டாம், தொழிலுக்குத் தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் வாங்குபவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். ஆகவே வாங்கியவரிடம், ‘இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க லாத்தா’ என்று வாய்விட்டே கேளுங்கள். ஜமாஅத் குழுவில் தினமும் படம் போடுவதைத் தயவுசெய்து தவிருங்கள். ஜனாஸா அறிவிப்புக்குக் கீழே சுடிதார் படம் வந்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது.

வாங்கியவர் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதிலேயே வியாபாரம் வளர்த்தவர்களின் பின்தொடர்பவர்கள் அத்தனை பேரும் கைநழுவிப் போனார்கள். நோட்டு வைத்திருந்தவருக்கு அந்தக் கஷ்டம் பாதிதான்.

பண விஷயத்தில் ஏமாற்றுகிறவர்கள் அதிகம். ராணுவ அதிகாரி என்று சொல்லி ஐம்பது உருப்படி ஆர்டர் கொடுத்து, ‘பணம் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. கேட்டால் மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதித்தால் பணத்தை மீட்பது கடினம். உத்யம் பதிவுக்கும் அரசு கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. ஆயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருபவரை அனுப்பிவிடுங்கள்.

சொல்லி வைத்துச் செய்யும் ஆர்டரில் அளவு, நிறம், விலை, கொடுக்கும் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணம் எவ்வளவு, எப்போது என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெருநாள் உடைக்கான ஆர்டரை ஷஃபான் பாதியோடு நிறுத்திவிடுவது நல்லது. ரமலான் கடைசிப் பத்தில் தையல் மெஷினும் கைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். ‘பெருநாள் ஆர்டர் முடிந்தது’ என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டால், அடுத்த வருஷம் முன்னதாகவே கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.