பாலத்து வடமும் அதன் நீட்சியும்

நம் ஊர் ஓடைகளின் குறுக்கே எழும் பாலங்கள் சிலவற்றில் முன்னிறுக்கக் கான்கிரீட் உத்திரங்கள் இடம்பெறுகின்றன. செங்கற்பட்டை அடுத்த பாலாற்றில் 1954-ஆம் ஆண்டிலேயே இம்முறையில் பாலம் எழுந்தது.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காய்ச்சிய இரும்புப் பட்டை குளிர்ந்து வண்டிச் சக்கரத்தை இறுக்குவது நாம் அறிந்ததே. அதுபோல உத்திரத்தின் குழல்களுக்குள் எஃகு வடங்களைச் செலுத்தி, கான்கிரீட் போதிய வலிமை பெற்றபின் ஜாக்கியால் இழுத்து, முனைகளை ஆப்புகளால் பிடித்துவிடுகின்றனர். வடம் சுருங்க முயலும், உத்திரம் இறுகும்.

உள்ளே வடம் சரியாக இழுபட்டதா என்பதை எவ்வாறு அறிவது? ஜாக்கியின் அழுத்தமானி ஒரு சாட்சி. வடம் நீண்ட அளவு மற்றொரு சாட்சி. 30 மீட்டர் வடத்தில் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 1,300 நியூட்டன் தகைவு ஏறினால், அது ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் நீள வேண்டும். சாணுக்குச் சற்றே குறைவு.

கவலை இறைத்தவர்கள் ஒன்று அறிவர். வடம் தொய்ந்திருக்கையில் மாடுகள் நடக்கும் முதல் சில அடிகளில் சால் எழும்பாது. இங்கும் அப்படியே. ஆகவே முதலில் ஐந்தில் ஒரு பங்கு விசை கொடுத்துத் தொய்வை நீக்கி, வடத்தில் குறியிடுகின்றனர். எஞ்சிய நான்கு பங்கு விசைக்கு 160 மில்லிமீட்டர் நீண்டால், முதற் பங்குக்கு 40 சேர்த்து 200 எனக் கொள்வர். குறியிடாமல் தொடக்கத்திலிருந்தே அளந்தால் தொய்வும் நீட்சியாகக் கணக்கில் ஏறிவிடும்.

கணக்கிட்ட நீட்சியினின்று 5 சதவீதம் வரை வேறுபாட்டைப் பொதுவாக ஏற்பர். நீட்சி குறைந்தால் குழலில் சிமெண்டுப் பால் கசிந்து அடைத்திருக்கலாம், உராய்வு மிகுந்திருக்கலாம், அழுத்தமானியே பிழையாகக் காட்டலாம். மிகுந்தால் மறுமுனையில் ஆப்பு நழுவியிருக்கலாம், கம்பி இழை அறுந்திருக்கலாம். எதுவாயினும் வேலையை நிறுத்திக் காரணம் காண்பதே முறை. நீளம் வரும்வரை இழுப்போம் என்பது வடத்தை அறுக்கும் வழி.

குறுகிய பாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜாக்கியைத் தளர்த்தும்போது ஆப்பு உள்வாங்கும் அளவு 6 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 200-இல் அது சிறிது. 6 மீட்டர் வடத்தின் 40-இல் பெரிது. இவ்விழப்பை முன்னரே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் வேலையிடத்தில் ஒவ்வொரு வடத்துக்கும் விசையும் நீட்சியும் எழுதிய பதிவேட்டைக் காட்டக் கேட்கலாம். இழுக்கும்போது ஜாக்கிக்கு நேர் பின்னே எவரையும், வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை முக்கியமாக, நிற்கவிடலாகாது. பொறியாளர் பதிவேட்டை ஏற்குமுன் வடத்தின் வால்களை அறுக்கவும் கூடாது. அறுத்துக் குழலில் சிமெண்டுப் பால் நிரப்பி அது இறுகியபின், அந்த வடத்தை மீண்டும் இழுத்துப் பார்க்க இயலாது.