உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி, மூத்திரத்தில் இரத்தம்



இந்த இதழின் சுகாதாரப் பாடத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயைப் பற்றிப் படிப்போம். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கிண்ணியாவில் வலை இழுக்கிறவர், 1970-களில் மலையகத்தை விட்டு இந்த மாவட்டத்தில் வந்து குடியேறிய நம்ம குடும்பங்கள், இன்றும் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

எங்கே வரும்?

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் உண்டாகும் புற்றுநோய்தான் மெலனோமா. வெள்ளைக்காரருக்கு இது பெரும்பாலும் வெயில் பட்ட தோலில் வரும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு இந்த நோய் அரிது. வந்தால் அநேகமாக வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும். சேறும் வெடிப்புமாய் இருக்கிற காலை யார் திருப்பிப் பார்க்கிறோம்? "கால் ஆணிதானே, கல்லுப் பட்டதுதானே" என்று விட்டுவிடுகிறோம்.

ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கதையைக் கேளுங்கள். கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது மெலனோமா என்று 1977-இல் தெரிய வந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, 1981 மே 11-இல் இறந்தார். அப்போது வயது 36.

எதைக் கவனிக்க வேண்டும்?

1. புள்ளியின் ஒரு பாதி மறு பாதி போல் இல்லாதது.
2. ஓரம் ஒழுங்கில்லாதது.
3. ஒரே புள்ளியில் பல நிறம்.
4. 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம்.
5. வளர்வது, நிறம் மாறுவது, இரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது.
6. நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கறுப்புக் கோடு.

நம்மில் பலருக்கு மச்சமும் நகக்கோடும் சாதாரணமாகவே இருக்கும். பயப்பட வேண்டாம். மாறிக்கொண்டே வருவதைத்தான் காட்ட வேண்டும்.

சிறுநீர்ப்பைக்கு எப்படிப் போகிறது?

காலில் உள்ள நோய் முதலில் தொடையிடுக்கில் நெறி கட்டச் செய்யலாம். பிறகு இரத்தத்தோடு கலந்து நுரையீரல், ஈரல், மூளைக்குப் போகும். சில சமயம் சிறுநீர்ப்பையிலும் தங்கும். அங்கே அது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருப்பதால், இறந்த பின் செய்த பரிசோதனையில்தான் பலருக்குத் தெரிய வந்திருக்கிறது. அடையாளம் காட்டினால், அது வலியில்லாமல் மூத்திரத்தில் இரத்தம் போவதாக இருக்கும்.

மூத்திரத்தில் இரத்தம் என்றாலே இந்த நோய் என்று நினைக்கக் கூடாது. கல், கிருமி, புகைப்பழக்கத்தால் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான். இரத்தம் ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் "சூடுதான்" என்று இளநீர் குடித்துவிட்டு இருக்காதீங்க. விளக்குள்ள மெல்லிய குழாயால் சிறுநீர்ப்பையைப் பார்த்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் காரணம் தெரியும்.

முக்கியமாக ஒன்று: முன்பு மச்சமோ கறுப்புக் கட்டியோ வெட்டி எடுத்திருந்தால், பத்து வருஷம் ஆனாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மெலனோமா பல வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடியது. பழைய கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள்.

என்ன செய்யலாம்?

தோலோடு இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். பரவிய பின் வைத்தியம் கடினம். 2011-க்குப் பிறகு வந்த மருந்துகள் சிலருக்கு ஆயுளை நீட்டுகின்றன, ஆனால் விலை மிக அதிகம்.

முதலில் பக்கத்து டிஸ்பென்சரியிலோ திருகோணமலை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். தேவைப்பட்டால் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசில்லை. ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நமக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நாளைப் பார்த்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால், குடும்பத்துக்குப் போவது சம்பளம் மட்டுமல்ல.

வீட்டுப் பாடம்: மாதம் ஒரு தடவை, சம்பள நாளன்று, காலை நன்றாகக் கழுவி உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் எல்லாம் பாருங்கள். குனிய முடியாத அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.