ஊன்றுகோலும் திருவருளே

சிவமயம்

உடம்பில் நோயுற்றானைக் கண்டு இரங்கும் நம்மனோர், மனத்தில் நோயுற்றானைக் கண்டவழி, "பத்தி குறைந்தது, வினை விளைந்தது" என்று கூறி ஒழிதலை நாம் பலகாலுங் கேட்டிருக்கின்றோம். ஆறுதல் வேண்டி மடாலயங்களை நாடி வருவோர்க்கும் சிலவிடத்து இதுவே மறுமொழியாகின்றது. இது சித்தாந்தத்திற்கு ஒக்குமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோயின் இயல்பு அறியற்பாலது. ஆற்றலுக்கு மேற்பட்ட சுமை வந்துழி மனம் இறுகுதல் அழுத்தம். வாராததனை வந்ததாகக் கருதி நெஞ்சு துடித்து அஞ்சுதல் பதற்றம். இரண்டு வாரத்திற்குக் குறையாது நாடோறும் ஊக்கமும் உவகையும் அற்று, உறக்கமும் உணவும் பிறழ்ந்து, தன்னைத்தானே பழித்துக்கொண்டு கிடத்தல் மனச்சோர்வு. முன்னைய இரண்டும் எல்லார்க்கும் ஒரோவழி உளவாவன. நீங்காது நிற்பின் அவை சோர்வுக்கு வாயிலாதலும் உண்டு.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபாலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நோக்குக. ஆலைகளில் 'ஷிப்டு' எனப்படும் முறைவேலை செய்வோர் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றி உழைக்கின்றனர். சுற்றத்தை விட்டு வடமாநிலங்களினின்று வந்தோரும் அவருட் பலர். ஒப்பந்தம் என்று முடியுமோ என்னும் அச்சமும், ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும், பகலிற் படுத்தும் வாராத உறக்கமும் ஒருங்கு சேர்ந்து நெருக்குங்கால், "பத்தி செய்க" என்று மட்டும் கூறுதல் அமையுமோ?

மெய்கண்டதேவர் சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என நிறுவி, அமைச்சரோடு கூடிய அரசனைப்போல அவற்றோடு கூடி ஐந்து அவத்தைகளை அடையும் என்றார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியமாகிய கருவிகள், சடம். கண்ணாகிய கருவி பழுதுறுமாறு போல மனமாகிய கருவியும் பழுதுறும். அமைச்சர் நோயுறின் அரசன் ஆணை தடைப்படும். அதனால் அவன் அரசன் அல்லன் ஆகான். ஆதலின் மனநோயை உயிரின் இழிவு என்றல் பொருந்தாது. ஆணவத்தின் மிகுதி என்றலும் பொருந்தாது; ஆணவம் எல்லா உயிரையும் அனாதியே பற்றியது, ஒருவர்க்கு ஒருநாள் வந்து புகுந்ததன்று. இனி, கருவிகள் உறக்கத்தில் ஒடுங்கி ஓய்தல் இன்றியமையாதாகலின், உறக்கங் கெட்டார்க்கு மனங் கெடுதல் வியப்புமன்று.

"பிராரத்தம் நுகர்ந்தே தீரும், மருந்து எற்றுக்கு?" எனின், முறிந்த எலும்புக்கு மருத்துவனை நாடும் நாம் இதற்கு மட்டும் அவ்வாறு வினாவுதல் நேர்மையன்று. வினை தானே வந்து பொருந்தாது, கூட்டுவிப்பான் இறைவன். நோயைக் கூட்டியவன் மருந்தையும் கூட்டுவான் அன்றோ? திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, ஆளுடைய பிள்ளையார் வினையென்று வாளா இருந்தாரல்லர். அது நீங்கப் பதிகம் பாடியருளினார்.

இவ்வுண்மைக்குத் திருவள்ளூர்ப் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்து, இரு கண்ணும் இழந்த ஆளுடைய நம்பிகள், திருமுல்லைவாயில் பணிந்து திருவெண்பாக்கம் அடைந்தார். அப்பழைய கோயில் 1944-இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டு இடம் பெயர்க்கப்பட்டு, இன்று பூண்டியில் விளங்குகின்றது. அங்கு நம்பிகள், "கோயிலில் உள்ளீரோ?" என வினவி நொந்தார். பெருமான் கண் தந்தானல்லன். ஊன்றுகோல் ஒன்று தந்து, தான் இருத்தலை உணர்த்தி, அயலான் போலச் "செல்க" என்றான். நம்பிகள் அக்கோலை வீசியெறிய நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பர் அத்தலத்தார். ஆயினும் இறைவன் வெகுண்டிலன். பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் அருளினான்.

இதனாற் பெறப்படுவன மூன்று. தோழரென்னும் பேர்பெற்றாரும் நொந்து புலம்பினர்; ஆதலின் புலம்பல் பத்தியின்மையன்று. நலம் ஒருங்கே வாராது, படிப்படியாக வரும். அதுகாறும் நடத்துவது கோல், அக்கோலும் அருளே. நம்மிடம் வருவார்க்கு மருத்துவனும், மருந்தும், நல்லுறக்கமும், பழியாது கேட்கும் செவியும் அக்கோலாவன. அவற்றைக் கொள்ளாதே என்பார் இறைவன் நீட்டிய கையைத் தட்டுவாராவர்.

சாவை விரும்பிப் பேசுவானைத் தனியே விடலாகாது. உடனே மருத்துவரிடம் உய்த்தல் வேண்டும். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம். செபமும் வழிபாடும் விடற்பாலன அல்ல. அவை மருந்துக்கு மாறும் அல்ல, மாற்றும் அல்ல. அடியார் திருக்கூட்டம் இடர்ப்பட்டார்க்குத் தானே ஊன்றுகோலாய் நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.